சாப்பிட்டதற்கு ஓட்டைதான் சாட்சி

ஒரகடம் கூட்டு ரோட்டில் முதன்முதலாக இட்லி வண்டி போட்டவன் நான். அப்போது ரோடு இவ்வளவு அகலம் இல்லை. கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர் மட்டும்தான் எழும்பிக்கொண்டிருந்தது. கல் உடைக்கும் கிரஷரில் பதினான்கு வருஷம் தூசி தின்றுவிட்டு, அங்கிருந்து நேராக ஒரு பழைய தள்ளுவண்டிக்கு வந்தேன். வண்டியை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வேறு வண்டியோடு அதே இடத்தில் நின்றேன். வண்டிக்கு அப்புறம் கீற்றுக் கொட்டகை. அது ஒரு காற்றில் பறந்தது. அப்புறம் தகரக் கூரை. அப்புறம் தளம் போட்ட மெஸ். அதன் மேல் ஒரு மாடி, அந்த மாடியின் மேல் இன்னொரு மாடி, மொத்தம் பதினெட்டு ரூம்கள். மூன்று இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை. நான்காவது இடத்தில் பாறையைக் குடைந்து எடுத்தேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று வங்கியில் ஒருவர் கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். உட்காரச் சொல்லவில்லை. பிற்பாடு அதே மனிதர் என் மெஸ்ஸில் தட்டு ஏந்தி வரிசையில் நின்றார். நான் உட்காரச் சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி ஜனங்கள் நடுங்கிய அந்த மழையில், பஸ் ஓடாமல் ரூமிலேயே மாட்டிக்கொண்ட தெற்கத்திப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைகூடத் தவறாமல் சோறு போட்டேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. இப்படி ஊருக்கே சோறு போட்டவன், கட்டிய பெண்டாட்டிக்குச் சோறு போடுவதில்லை என்று என் தெருவே பேசியது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மெஸ்ஸைப் பற்றி ஒன்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்களிடம் மாதக் கார்டு. ஒவ்வொரு தேதிக்கும் மூன்று கட்டம்: காலை, மதியம், இரவு. சாப்பிட வருகிறவன் கார்டை நீட்ட வேண்டும். பஸ் கண்டக்டர் கையில் இருக்குமே, அதுபோன்ற ஒரு பஞ்ச் வைத்து அந்தக் கட்டத்தில் ஓட்டை போட்டால்தான் தட்டு கிடைக்கும். ஓட்டை இல்லாமல் தட்டு இல்லை. இதுதான் சட்டம். அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. பள்ளிக்கூடம் என்றால் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. கார்டில் எழுதியிருக்கும் பேரைப் படிக்க வராது. ஆனால் முகத்தைப் பார்த்தால் போதும், எந்த ரூம், எந்த ஷிப்ட், நேற்று இரவு சாப்பிட வந்தானா இல்லையா, எல்லாம் சொல்வாள்.

பையன்கள் சும்மா இருப்பார்களா? போட்ட ஓட்டையைச் சோற்றுப் பருக்கையால் அடைத்து, காயவைத்து, மறுபடி கார்டை நீட்டுவார்கள். அவள் கண்ணால் பார்க்கவே மாட்டாள். கார்டைத் திருப்பி, பின்பக்கம் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள்.

“இன்னாடா, சோத்தால அடைச்சிகினு சோறு துன்ன வந்துகீறியா?”

வரிசையே சிரிக்கும். மாட்டிக்கொண்ட பையன் சிவந்துபோய், “ஆச்சி, ஒரே ஒரு தடவை தெரியாம...” என்று இழுப்பான். அவளும் சிரித்துக்கொண்டே தட்டைக் கொடுத்துவிடுவாள். அப்படி ஒரு விரல் அவளுக்கு.

இனி என் தெருக்கோடி வீட்டுப் பெரியவரிடம் வருகிறேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தொழிற்பேட்டைக்கு நிலம் போவதற்கு முன்னால் வயல் வைத்திருந்தவர். ஒரு நாள் பதினோரு மணிக்கு, காலைச் சாப்பாடு முடிந்து மதியத்துக்கு உலை கொதிக்கிற நேரத்தில், சட்டைப் பொத்தானைத் தாறுமாறாகப் போட்டுக்கொண்டு மெஸ் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, வூட்ல சோறு போடல.”

கார்டாவது ஓட்டையாவது என்று உட்காரவைத்து, மிச்சம் இருந்த பொங்கலைப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் அதே பேச்சு. எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் மருமகள் செல்போன் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் போகிற பெண். சம்பாதிக்கிற திமிர், மாமனாரைப் பட்டினி போடுகிறாள் என்று நானே முடிவுகட்டினேன். மதியம் கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்துக்குப் போனேன். யூனிபாரம் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பத்திருபது பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். அத்தனை பேர் எதிரிலும் கேட்டேன்.

“ஏம்மா, வூட்டுப் பெரியவருக்கு ஒரு வாய் சோறு போட்டுட்டு வந்தா பஸ்ஸு வுட்டுட்டுப் போயிடுமா?”

“மாமா, காலைல ஆறு இட்லி சாப்ட்டாரு. நான்தான் வச்சேன்.”

“ஆறு இட்லி துன்னவரு எதுக்கு என் மெஸ்ல வந்து கை நீட்றாரு?”

“துன்னது அவருக்கு ஞாபகம் இல்ல மாமா.”

“ஞாபகம் இல்லியா? எந்தக் கழனில எந்த வருசம் எத்தினி மூட்டை கண்டோம்னு இன்னிக்கும் சொல்றாரு. காத்தால துன்ன இட்லி மட்டும் ஞாபகம் இல்லியா? யார்கிட்டம்மா கதை வுடற?”

பஸ் வந்தது. அவள் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மெஸ்ஸுக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு நடந்ததை மறைக்க மாட்டேன். மெஸ்காரரே சொல்லிவிட்டார் என்று அவள் புருஷனின் சொந்தபந்தமெல்லாம் கூடிப் பேசி, அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். லைனில் நின்று வேலை செய்து, சூப்பர்வைசர் ஆகப்போகிறாள் என்று பேசப்பட்ட பெண். என் வாய் அதை முடித்து வைத்தது. நான் மோசமானவன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு வியாதி இருக்கிறது, சாப்பிட்ட கை காய்வதற்குள் சாப்பிட்டதே மறந்துபோகும், ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை மட்டும் மறக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மின்கம்பம் மின்கம்பமாக நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் முடி கொட்டுவதற்கும். இதற்கு ஒரு நோட்டீஸ் பார்த்தீர்களா?

ஒரு வருஷம் போயிருக்கும். என் வாசலில் பஞ்ச் தடுமாற ஆரம்பித்தது. ஒரே கார்டில் இரண்டு ஓட்டை. சில கார்டில் ஓட்டையே இல்லை. காலைக் கட்டத்தில் போட வேண்டியதை இரவுக் கட்டத்தில் போட்டாள். பையன்கள் கிண்டல் செய்தார்கள்: “ஆச்சி, இன்னைக்கு எங்களுக்கு ஃப்ரீயா?” கண் மங்குகிறது என்று சொல்லி ஒரகடத்திலேயே கண்ணாடி வாங்கிப் போட்டேன். கண்ணாடி போட்டும் அதே கதை. சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டாள். அலுப்பு, வேலை அதிகம் என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். வாசலுக்கு வேறு ஆள் போட்டு, அவளை உள்ளே உட்காரவைத்தேன். ஊருக்கெல்லாம் கதை கேட்டுத் தீர்ப்புச் சொன்னவன், என் வீட்டு விஷயத்தை மட்டும் ஒரு வருஷம் மூடி வைத்தேன்.

மூடி வைத்தது ஒரு நாள் மதியம் தானாகத் திறந்துகொண்டது. மெஸ் நிறைய ஜனம். வெளியே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு பெண்கள். என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“இந்த மனுசன் எனக்குச் சோறே போட மாட்றாரு. காத்தாலருந்து வவுறு காயுது. ஊருக்கெல்லாம் கொட்றாரு, எனக்கு மட்டும் கெடையாது.”

அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தாள். தட்டை நான்தான் எடுத்து வைத்தேன். அவள் உதட்டோரம் ரசச் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள்? குடத்தோடு நின்ற ஒருத்தி, “பாவம்க்கா” என்றாள். இன்னொருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேனே, அதே பார்வை.

சாயங்காலத்துக்குள் செய்தி வாலாஜாபாத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் என் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நைனா, அம்மாவுக்குச் சோறு போடறியா இல்லியா?”

“யாரைப் பார்த்து இன்னா கேக்கற?”

“தெருவே சொல்லுது. அம்மாவும் சொல்லுது. நீ மெஸ்ஸு மெஸ்ஸுன்னு ஓடிக்கினே இருப்ப. நான் அம்மாவைக் கூட்டிக்கினு போறேன்.”

அந்த ஒரு பேச்சு என்னை உட்காரவைத்துவிட்டது. கூட்டிக்கொண்டு போய்விட்டால்? என் மகள் வீடு இரண்டாவது மாடி. அவளும் புருஷனும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு அந்தச் சின்ன ரூமில் இவள் யாரைப் பார்ப்பாள்? இங்கே சமையல்கட்டு எது, கிணற்றடி எது என்று கால் தானாகப் போகிறது. அங்கே போனால் அதுவும் போய்விடும். அதைவிட, ஒன்றுமில்லாத வண்டிக்காரன் காலத்திலிருந்து என் பக்கத்தில் நின்றவளை, பட்டினி போட்டேன் என்று ஊர் சொல்லும்படி அனுப்பிவிட்டு நான் எப்படி உயிரோடு இருப்பேன்? கெஞ்சினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கெஞ்சினேன். முதலில் டாக்டரிடம் காட்டலாம், அதுவரை பொறு என்றேன்.

அந்த வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தச் செல்போன் கம்பெனி செலவில் முதியோர் மருத்துவ முகாம் நடந்தது. நானும் மகளும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனோம். பெஞ்சு நிறைய என் வயசுக்காரர்கள். ஒரு நர்ஸம்மா எழுந்து மறதி நோயைப் பற்றிப் பேசினார். டிமென்ஷியா என்று சொன்னார். இந்தியாவில் இத்தனை பேருக்கு என்று ஒரு கணக்கும் சொன்னார். அது என் மண்டையில் நிற்கவில்லை. நின்றது இதுதான்: வயசு ஏற ஏற இது வருகிறவர்கள் அதிகம் ஆகிறார்கள், ஆனால் வயசானாலே வந்தாக வேண்டும் என்று இல்லை; இது வெறும் வயசு மறதி இல்லை, மூளையில் வருகிற வியாதி.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், “நர்ஸம்மா, என் பொண்டாட்டி சொல்றது எதுவும் எனக்கு ஞாபகம் நிக்கறதில்ல. அது வியாதியா, அதிர்ஷ்டமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நர்ஸம்மாவும் சிரித்துவிட்டு, யாருக்கெல்லாம் ஆபத்து அதிகம் என்று பட்டியல் படித்தார். வயசு. பெண்களிடம் அதிகம் பார்க்கிறார்களாம். சர்க்கரை. ரத்தக் கொதிப்பு. பீடி, சிகரெட். தலையில் அடிபட்டவர்கள். காது மந்தம் ஆனவர்கள். பேச்சுத் துணை இல்லாமல் தனியாகக் கிடக்கிறவர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் விரலை மடக்கினேன். என் மனைவிக்குச் சர்க்கரையும் கொதிப்பும் உண்டு. இருபது வருஷம் கிரைண்டர் பக்கத்தில் நின்று காது மந்தம். எனக்குக் கிரஷரில் போன காது, விட்டுவிட்டுப் புகைத்த பீடி. கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள்.

“சின்ன வயசுல படிப்பு கம்மியா இருந்தவங்களுக்கும் ஆபத்து கொஞ்சம் அதிகம்.”

நான் எழுந்துவிட்டேன்.

“இன்னாம்மா சொல்ற? படிக்காதவன்னு பேங்க்ல சொன்னாங்க, தாலுகா ஆபீஸ்ல சொன்னாங்க, பொறுத்துக்கினேன். இப்போ வியாதியும் இன்னா படிச்சிகீறன்னு கேட்டுக்கினுதான் வருமா?”

“நைனா, உக்காரு,” என்று மகள் சட்டையை இழுத்தாள்.

“நான் யாரையும் குறைச்சுச் சொல்லல பெரியவரே,” என்றார் நர்ஸம்மா. கோபப்படவில்லை. “படிக்காதது உங்க தப்புன்னும் சொல்லல. படிக்க விடாததோட விளைவு இவ்வளவு வருஷம் கழிச்சும் தொடருதுன்னு சொல்றேன். அதுக்காகப் படிக்காத எல்லாருக்கும் வரும்னு இல்ல. படிச்ச டாக்டருக்கும் வருது. சர்க்கரை, கொதிப்பு, காது இதையெல்லாம் கவனிச்சா ஆபத்தைக் குறைக்கலாம். முழுசாத் தடுக்கலாம்னு வாக்குக் கொடுக்க முடியாது.”

உட்கார்ந்தேன், ஆனால் கோபம் உட்காரவில்லை. இன்றும் உட்காரவில்லை. என் மனைவிக்கு ஐந்து வயதில் இடுப்பில் ஒரு தம்பி, ஏழு வயதில் கையில் களைக்கொத்தி. பள்ளிக்கூட வாசலை அவளுக்கு அடைத்தது அவளா? மெஸ்ஸுக்கு வந்த முந்நூறு பேர் முகத்தை மனதில் வைத்திருந்தாளே, அது படிப்பு இல்லையா? அவ்வளவு வேலை செய்த மூளைக்கும் இது வந்ததே! ஏழைக்கு எல்லாம் இரண்டு தடவை நடக்கிறது. சின்ன வயதில் ஒரு தடவை பிடுங்குகிறார்கள். கிழ வயதில் அதற்காக இன்னொரு தடவை பிடுங்கப்படுகிறது.

அங்கே மனைவியிடம் கேள்வி கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று தனிக் கேள்விகள் இருக்கின்றன என்று சொல்லி, பென்சிலைக் கொடுக்காமல் கேட்டார்கள். மூன்று சாமான் பேர் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முந்நூறு பேருக்கு விடை சொன்னவள், மூன்று சொல்லுக்கு என் முகத்தைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்து, தலையை ஸ்கேன் செய்து, மறதி நோய்தான் என்று அங்கே முடிவாகச் சொன்னார்கள். “பசிக்குதுன்னு அவங்க பொய் சொல்லல, சாப்பிட்டது அவங்களுக்கு நடக்கவே இல்ல” என்று டாக்டர் மகளிடம் சொன்னபோது, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பஸ் ஏறும்போது சொன்னது வேறு.

“உன் மேல தப்பு இல்ல நைனா. ஆனா பசிக்குதுன்னு கேக்கும்போதெல்லாம் யாராச்சும் சோறு வச்சா சர்க்கரை ஏறிடும். வைக்கலன்னா தெருவுல போய் நிப்பா. நீ ஒண்டியா சமாளிப்பியா? அடுத்த மாசம் வந்து பாக்கறேன். இதே கதைன்னா கூட்டிக்கினு போயிடுவேன்.”

ஒரு மாதம். நான் சொல்லிப் பார்த்தேன்: “இப்பதான சாப்ட்டியேமே.” அவள் அழுதாள். சத்தம் போட்டேன், இன்னும் அழுதாள். ஒரு நாள் கைகூட ஓங்கினேன். ஓங்கிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். கால் தெருக்கோடி வீட்டில் போய் நின்றது.

அந்த மருமகள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

“இன்னா மாமா, இந்தப் பக்கம்? எங்க மாமனாருக்குச் சோறு போட்டேனான்னு பாக்க வந்தீங்களா?”

“இல்லம்மா.”

“உள்ள வந்து பானையத் தொறந்து பாருங்க. நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கினு வந்திருக்கலாம்ல?”

“என் வூட்டுக்காரிக்கும் அதான்மா.”

“தெரியும். தண்ணி லாரிகிட்ட நானும்தான் நின்னேன்.”

கொஞ்ச நேரம் துணியை மட்டும் உதறினாள். நான் வெயிலில் நின்றேன். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு வாயில் வந்து பழக்கமில்லாத சொல். “நான் அன்னிக்கு பேசினது தப்பும்மா. வேலை போனதும் என்னாலதான்” என்றேன். துணி உதறுவதை நிறுத்தினாள்.

“அன்னிக்கு பஸ்ல எல்லாம் என்னையே பாத்தாங்க மாமா,” என்றாள். அப்புறம் வாளியை ஓரமாக வைத்தாள். “நீ சாப்ட்டன்னு சொல்லாதீங்க. சண்டைதான் வரும். நான் இவர் சாப்ட்ட தட்டைக் கழுவறதே இல்ல. அடுத்த வேளை வரைக்கும் அவர் எதிர்லயே வச்சிடுவேன். சோறு போடலன்னு ஆரம்பிச்சா தட்டைக் காட்டுவேன். அவரே பாத்துட்டு, ஓ, துன்னுட்டேனான்னு சொல்லிக்கினு சும்மா இருப்பாரு. பாதி நாளு கேக்கும். பாதி நாளு, இது யார் தட்டுன்னு கேப்பாரு.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் முக்காலியில் எச்சில் தட்டு, மேலே வலைமூடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தட்டை நான் பார்த்திருந்தால், எச்சில் தட்டைக்கூடக் கழுவ மாட்டாளா இவள் என்று அதற்கும் சத்தம் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நானும் தட்டை வைத்தேன். என் மனைவி அதைப் பார்த்த உடனே தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டாள். இருபது வருஷம் மெஸ் நடத்தியவள் எதிரில் எச்சில் தட்டு இருக்குமா? கழுவி வைத்துவிட்டு வந்து, “சோறு போடல” என்றாள். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. மூன்றாம் வகுப்பு மூளை. இவளுக்குத் தட்டு சாட்சி இல்லை. இவளுக்குச் சாட்சி எது? ஓட்டை.

ஒரு புதுக் கார்டு எடுத்தேன். படிக்கத் தெரியாதவள் என்பதால் காலைக் கட்டத்தில் இட்லி, மதியத்தில் சோற்றுக் குவியல், இரவில் தோசை என்று நானே வரைந்தேன். வட்டம் வட்டமாகத்தான் வந்தது, பரவாயில்லை. கார்டைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினேன், கம்பெனிப் பிள்ளைகள் மாட்டுவதுபோல. மாதக்கணக்கில் தொடாத பஞ்சை அவள் கையில் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும், “ஓட்டை போடுமே” என்றேன். விரல் மறக்கவில்லை. டக்கென்று போட்டாள். போட்டுவிட்டு, கார்டைத் திருப்பிப் பின்பக்கம் கட்டைவிரலால் தடவினாள்.

அன்று மூன்று மணிக்கு, “இன்னாய்யா, எனக்குச் சோறு?” என்று வந்தாள். கார்டைக் காட்டினேன். அதைப் பிடித்துப் பார்த்தாள். தடவினாள்.

“போட்டுகீது,” என்றாள்.

“யார் போட்டது?”

“நான்தான். எங்கையால போட்ட ஓட்டை எனக்குத் தெரியாதா? துன்னுட்டேன் போல.” போய் உட்கார்ந்துகொண்டாள். சண்டை இல்லை. அழுகை இல்லை.

எல்லா நாளும் இப்படி நடந்தது என்று அளக்க மாட்டேன். சில நாள் கார்டைக் கழற்றி எறிந்தாள். ஒரு நாள் ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கு ஓட்டை போட்டுவிட்டாள். அதிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் பஞ்சை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். கார்டைக் காட்டியும் அடங்காத நாளில் கொஞ்சம் மோர், நாலு வெள்ளரித் துண்டு, அப்புறம் வெளியே ஒரு நடை. ஆனால் அந்த மாதம் அவள் ஒரு தடவைகூடத் தெருவில் போய் நிற்கவில்லை.

சொன்னபடி மகள் வந்தாள். பெரிய பை ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவின் துணிமணிக்கு என்று எனக்குப் புரிந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் மனைவி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரகசியம்போல, “எனக்கு இன்னும் சோறு போடல” என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் வாயைத் திறக்காமல் இருந்த முதல் நேரம் அதுதான். கண்ணால் கார்டைக் காட்டினேன்.

மகள் அதை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அவள் திருப்பினாள், தடவினாள்.

“அட, போட்டுகீது. சோத்தால அடைக்கல, நெஜ ஓட்டைதான்,” என்று சிரித்தாள். “நான் சாப்ட்டேன். நீ சாப்ட்டியாடி?”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். காலிப் பை காலியாகவே வாலாஜாபாத்துக்குத் திரும்பியது. இப்போது வாரம் ஒரு நாள் வந்து கூட இருக்கிறாள்.

அதற்கு அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. அந்த மருமகளையும் கூட்டிக்கொண்டு, கார்டுகளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, இது எவ்வளவு சகஜம் என்று. மாடி வீட்டில் “அம்மா தூங்குறாங்க” என்றார்கள். உள்ளிருந்து அந்த அம்மா “எங்க ஊருக்குப் போகணும்” என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பால்காரர் வீட்டில் “அப்பா கொஞ்சம் பிடிவாதம்” என்றார்கள். கோயில் பக்கத்து வீட்டில் பேய் பிடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டியிருந்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டிலும் இருந்தது. படித்தவர் வீட்டில் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருந்தது. நர்ஸம்மா சொன்ன கணக்கு மறந்தாலும் இந்தக் கதவுகள் எனக்கு மறக்கவில்லை. ஒரே ஊரில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை பேர் ஒளித்துவைத்திருந்தோம். ஒளித்துவைக்க இது என்ன திருட்டுச் சாமானா?

இனி என் வழக்கு. முகாம்காரர்கள் மறுபடி வந்தார்கள். என் மனைவியின் கார்டைப் பார்த்தார்கள், ஆச்சரியப்பட்டார்கள், போட்டோ பிடித்தார்கள். அடுத்த முகாமில் பளபளவென்று அச்சடித்த கார்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். இட்லி, சோறு, தோசைப் படம். மாத்திரைக்கு ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். அது நல்ல யோசனை, அது அவர்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். மேலே கம்பெனி சின்னம். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், “எங்கள் குழு வடிவமைத்த அட்டை” என்றார். நான் எழுந்து நின்றேன். மைக் பிடித்திருந்த பையன், “பெரியவரே, சாப்பாடு பின்னாடி கொடுக்கறாங்க” என்றான். எனக்கு! சாப்பாடு எங்கே என்று எனக்குச் சொல்கிறான்!

உங்கள் குழு எங்கே வடிவமைத்தது? குளிர்சாதன ரூமிலா? இது வடிவமைக்கப்பட்டது என் மெஸ்ஸில், ஓங்கிய கையை மடக்கிக்கொண்ட ஒருவனால். அடுத்த தடவை அச்சடிக்கும்போது கீழே எழுதுங்கள்: சாப்பிட்ட தட்டைக் காட்டலாம் என்று யோசித்தது தெருக்கோடி வீட்டு மருமகள். முதல் ஓட்டை போட்டது என் மனைவி. கார்டைக் கழுத்தில் மாட்டியது மெஸ்காரன், மூன்றாம் வகுப்பு. அந்த மூன்றாம் வகுப்பையும் விடாமல் போடுங்கள். அந்தப் பெண்ணை உங்கள் கம்பெனியில் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று மகள் கேட்கிறாள். காரணம் இருக்கிறது. நான் தள்ளுவண்டியிலிருந்து கட்டியது அத்தனைக்கும் கூட நின்று பார்த்த சாட்சி ஒருத்திதான். அவள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறாள். வண்டி மறந்துவிட்டது, கொட்டகை மறந்துவிட்டது, நேற்று என்னையே யார் என்று கேட்டாள். நானும் அந்த நர்ஸம்மாவின் பட்டியலில் இருக்கிறவன்தான். நாளைக்கு நானும் மறந்துவிட்டால் இதை யார் சொல்வது? எனக்கும் சாட்சியாக ஓர் ஓட்டை வேண்டும், தடவிப் பார்த்தால் தெரிகிற மாதிரி. போடுங்கள்.